வாசகர் கேள்வி – பதில்: தான் தள்ளும் வாயுவிலேயே குளிரும் கம்ப்ரசர்

சென்ற இதழில், வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை எடுத்து நீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் பற்றி எழுதியிருந்தோம். ஒரு யூனிட் மின்சாரத்தைச் செலவிட்டு மூன்று யூனிட்டுக்கு மேல் வெப்பத்தைப் பெறுவது எப்படி என்பதே அந்தக் கட்டுரையின் பொருள். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, குளிர்பதன வாயுவை அழுத்திச் சுற்றிவரச் செய்யும் கம்ப்ரசரைச் சுற்றியே அமைந்திருந்ததால், இந்த மாதப் பக்கத்தை அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நாங்கள் இயந்திரவியல் இறுதியாண்டு மாணவிகள். 5 கிலோவாட் வெப்பம் தரும் சிறிய ஹீட் பம்புக்கு, தனி மின்விசிறியோ நீர்ச்சுற்றோ இல்லாமல் தானே குளிர்ந்துகொள்ளும் கம்ப்ரசரை வடிவமைக்க விரும்புகிறோம். எங்கிருந்து தொடங்குவது?
(ஒரு மாணவி, பீளமேடு, கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் ஊரிலிருந்தே தொடங்கலாம். ஆழ்குழாய்க் கிணற்றுக்குள் இறக்கும் நீர்மூழ்கி மோட்டாரைப் பார்த்திருப்பீர்கள். அதில் மோட்டார் கீழேயும் பம்ப் மேலேயும் இருக்க, நீர் உள்ளே புகும் வலை இரண்டுக்கும் நடுவில் இருக்கும். கீழிருந்து வரும் நீர் மோட்டாரின் உடலை உரசிக்கொண்டு போய்த்தான் வலைக்குள் நுழைய முடியும். கைக்குள் அடங்கும் அளவு ஒல்லியான ஒரு குழாய்க்குள் பல குதிரைத்திறனை அடைக்க முடிவதற்கு இந்த ஏற்பாடே காரணம். அதே மோட்டாரை அகலமான தொட்டியில் இறக்கினால் நீர் உடலை உரசாமல் நேரே வலைக்குப் போய்விடும் என்பதால்தான், மோட்டாரைச் சுற்றி ஓர் உறைக்குழாய் மாட்டச் சொல்கிறார்கள்.

மூடிய வகைக் கம்ப்ரசரும் இதே தத்துவத்தில் இயங்குவதுதான். எஃகுக் கூட்டுக்குள் மோட்டாரையும் அழுத்தும் பகுதியையும் ஒரே தண்டில் கோத்து, கூட்டைப் பற்றவைத்து மூடிவிடுகிறார்கள். தண்டு வெளியே வராததால் வாயு கசிய வழியில்லை. ஆனால் மோட்டாரின் வெப்பத்துக்கும் வெளியேற எளிய வழியில்லை. தான் தள்ளும் குளிர்பதன வாயுவைக் கொண்டே அது தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு வெப்பம் என்பதை முதலில் கணக்கிடுங்கள். ஆவியாக்கியில் (வெளிக்காற்றின் வெப்பத்தை வாங்கிக் குளிர்பதனத் திரவம் ஆவியாகும் பகுதி) 0 டிகிரி, கண்டன்சரில் (அந்த வாயு வெப்பத்தை நீருக்குக் கொடுத்துத் திரவமாகும் பகுதி) 55 டிகிரி என்ற கடுமையான நிலையை எடுத்துக்கொண்டால், 5 கிலோவாட் வெப்பத்துக்குக் கம்ப்ரசர் ஏறத்தாழ 1.4 கிலோவாட் மின்சாரம் இழுக்கும். மோட்டாரின் திறன் 90 சதவீதம் என்றால் 140 வாட் வைண்டிங்கிலும் இரும்பிலும் வெப்பமாகிறது. இனி கூட்டைப் பாருங்கள். 12 சென்டிமீட்டர் விட்டமும் 25 சென்டிமீட்டர் உயரமும் உள்ள கூட்டின் பரப்பு 0.12 சதுர மீட்டருக்குள் அடங்கும். கூடு 80 டிகிரியிலும் அறை 30 டிகிரியிலும் இருந்தால், அசையாத காற்றில் அந்தப் பரப்பு ஏறத்தாழ 60 வாட் வெப்பத்தை மட்டுமே வெளியே விடும். அளவுகள் அனைத்தையும் பாதியாக்கினால் பரப்பு கால் பங்காகி, வெளியேறும் வெப்பமும் 15 வாட்டுக்கு இறங்கிவிடும். ஆனால், வேகத்தை உயர்த்தி அதே வேலையை வாங்கும்போது மோட்டாரின் 140 வாட் குறையப்போவதில்லை. கம்ப்ரசர் சிறுக்கச் சிறுக்க அதன் வெளிப்பரப்பை நம்ப முடியாது என்பதும், உள்ளே ஓடும் வாயுவைத்தான் நம்ப வேண்டும் என்பதும் இந்த மூன்று எண்களிலேயே தெரிந்துவிடும்.

வாயுவை எந்த வழியில் ஓடவிடுவது என்பதே வடிவமைப்பாளரின் உண்மையான முடிவு. இரண்டு சுருள்களுக்கு இடையே வாயுவை நசுக்கும் ஸ்க்ரோல் கம்ப்ரசர்களில் பெரும்பாலானவற்றில், ஆவியாக்கியிலிருந்து திரும்பும் குளிர்ந்த வாயு முதலில் கூட்டை நிரப்பி, மோட்டாரைத் தழுவிய பிறகே அழுத்தப்படுகிறது. மோட்டார் சுகமாக இருக்கும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. நொடிக்கு 17 கிராம் ஆர்-32 (ஏ.சி.களில் பரவலாக உள்ள குளிர்பதன வாயு) ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், 140 வாட் அதை 6 அல்லது 7 டிகிரி சூடாக்கிவிடும். வாயு ஏறத்தாழ 3 டிகிரி சூடேறும்போது அடர்த்தி 1 சதவீதம் குறைகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அள்ளப்படும் வாயுவின் எடையும் அதே அளவில் குறைவதோடு, கிலோவுக்குச் செலவாகும் வேலையும் கூடுகிறது. அழுத்தும் பகுதியின் சூடும் கூட்டுக்குள்ளேயே வாயுவில் ஏறுவதால், நடைமுறையில் இழப்பு இதைவிட அதிகமாகவே இருக்கும்.

வீட்டு ஸ்ப்ளிட் ஏ.சி.களில் உள்ள ரோட்டரி கம்ப்ரசர் இதற்கு நேர்மாறானது. திரும்பி வரும் வாயு, பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் அக்குமுலேட்டர் என்ற சிறு கலம் வழியாக நேரே சிலிண்டருக்குள் போகிறது. அழுத்தப்பட்டுச் சூடான வாயுதான் கூட்டை நிரப்பி, மோட்டாரைக் கடந்து மேலே வெளியேறுகிறது. 80, 90 டிகிரி வாயு எதைக் குளிர்விக்கும் என்று நீங்கள் கேட்கலாம். 115 டிகிரியில் இருக்கும் வைண்டிங்குக்கு 85 டிகிரி வாயுவும் குளிர்ச்சிதான். வைண்டிங் கம்பியின் பி வகை மின்காப்பு 130 டிகிரி வரையிலும் எஃப் வகை 155 டிகிரி வரையிலும் தாங்கக்கூடியது. ஆயினும் ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றமும் காப்பின் ஆயுளைப் பாதியாக்கும் என்ற பழைய விதியை மறந்துவிட வேண்டாம்.

ஏ.சி.க்கு எது நல்லது என்ற வாதம் நீளமானது. ஹீட் பம்புக்கு என் தேர்வு இரண்டாவது வகையே. அழுத்திய பிறகு சேரும் மோட்டார் வெப்பம் அடர்த்தியைக் கெடுக்காமல் நேரே நீருக்குப் போய்ச் சேர்கிறது. அறையைக் குளிர்விக்கும் இயந்திரத்தில் கழிவாகப் போகும் அந்த 140 வாட், இங்கே விற்பனைக்கு உரிய சரக்கு. இந்த ஏற்பாட்டில் நீங்கள் கவனிக்க வேண்டிய எல்லை டிஸ்சார்ஜ் வெப்பநிலை, அதாவது கம்ப்ரசரை விட்டு வெளியேறும் வாயுவின் சூடுதான். 110 டிகிரியைத் தாண்டவிட்டால் ஆயில் கெடத் தொடங்கும். மோட்டாரில் நியோடிமியம் காந்தம் இருந்தால் அதன் வலுவும் குறையும்.

அந்த எல்லையைக் காக்கக் கையில் ஒரு நல்ல கருவி இருக்கிறது. ஒரு கிலோ ஆர்-32 திரவம் ஆவியாகும்போது ஏறத்தாழ 300 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும். அப்படியானால் 140 வாட்டை விழுங்க நொடிக்கு அரை கிராமுக்கும் குறைவான திரவமே போதும். மொத்த ஓட்டத்தில் அது 3 சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஆவியாக்கிக்குப் போகும் திரவத்தை அளந்துவிடும் மின்னணு எக்ஸ்பான்ஷன் வால்வைச் சற்றே கூடுதலாகத் திறந்து, திரும்பி வரும் வாயுவில் ஆவியாகாத திரவம் மிகச் சிறிது இருக்கும்படி விடலாம். அல்லது அழுத்தம் பாதி முடிந்த இடத்தில் ஒரு துளை வழியாகத் திரவத்தைச் செலுத்தலாம். அளவு மிஞ்சினால் திரவம் ஆயிலில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். சிலிண்டருக்குள் மொத்தமாகப் போனால், திரவம் நசுங்காது என்பதால் உடைவது உங்கள் உலோகமாக இருக்கும். எனவே டிஸ்சார்ஜ் குழாயில் ஒரு வெப்பநிலை உணரியை வைத்து, அது சொல்கிறபடி வால்வு இயங்குமாறு முதல் நாளிலிருந்தே திட்டமிடுங்கள்.

கேள்வி: இருபது வருடமாக ஏ.சி. வேலை பார்க்கிறேன். கேஸ் குறைந்த இயந்திரத்தை அப்படியே ஓடவிட்டால் கம்ப்ரசர் எரிந்துவிடுகிறது. கேஸ் குறைந்தால் கம்ப்ரசருக்கு வேலையும் குறைவுதானே? ஆம்பியரும் இறங்கித்தானே காட்டுகிறது?
(ஒரு மெக்கானிக், மதுரை)

பதில்: நீங்கள் பார்த்ததும் சரி, கேட்டதும் சரி. வேலை குறைகிறது, ஆனால் குளிர்ச்சி அதைவிட வேகமாகக் குறைகிறது. மேலே சொன்ன நீர்மூழ்கி மோட்டார் நீரில்லாத கிணற்றில் ஓடினால் என்ன ஆகுமோ அதுவே இங்கும் நடக்கிறது. ஓடுகிற கேஸ் பாதியானாலும் மோட்டாரின் இழப்பு பாதியாகாது. இரும்பில் ஏற்படும் இழப்பும் உராய்வும் கேஸின் அளவைப் பொறுத்தவை அல்ல. மேலும், ஆவியாக்கியில் இருக்கும் கொஞ்சத் திரவம் பாதி வழியிலேயே ஆவியாகி முடிந்துவிடுவதால், திரும்பி வரும் கேஸ் சூடாகவே கம்ப்ரசரை அடைகிறது. சக்‌ஷன் அழுத்தம் (உள்ளே வரும் கேஸின் அழுத்தம்) இறங்கிப்போவதால் அழுத்த விகிதம் உயர்ந்து, டிஸ்சார்ஜ் இன்னும் சூடேறுகிறது. கேஸோடு சுற்றிவரும் ஆயிலும் மெதுவாகவே திரும்புகிறது.

கூட்டின் தலையில் இருக்கும் ஓ.எல்.பி. என்ற பாதுகாப்புச் சுவிட்ச் சூட்டை உணர்ந்து மோட்டாரை நிறுத்தும்; ஆறியதும் மறுபடி விடும். ஒரு கோடைகாலம் முழுவதும் இப்படி விட்டு விட்டு ஓடிய கம்ப்ரசரைத் திறந்து பார்த்தவர்களுக்கு, கறுத்த ஆயிலின் அந்தப் புளித்த கார நெடி மறக்காது. எரிந்த காப்பும் சிதைந்த ஆயிலும் சேர்ந்து உண்டாக்கிய அமிலம் அது. புதுக் கம்ப்ரசரை மாட்டும் முன் குழாய்களைக் கழுவி, ஃபில்டரையும் மாற்றாவிட்டால் பழைய அமிலமே புதியதையும் தின்றுவிடும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆம்பியர் குறைவாகக் காட்டுகிறதே என்று நிம்மதியடையும் வாடிக்கையாளரிடம் மட்டும், ஆம்பியரைப் பார்க்காதீர்கள், டிஸ்சார்ஜ் குழாயின் சூட்டைப் பாருங்கள் என்று சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் தங்கும் விடுதியில் ஹீட் பம்ப் வைத்திருக்கிறோம். கம்ப்ரசரைக் கை வைத்துப் பார்க்க முடியாத அளவுக்குச் சூடாக இருக்கிறது. அப்படியிருந்தும் அதைச் சுற்றிக் கனமான உறை போட்டு மூடியிருக்கிறார்கள். உறையைக் கழற்றிவிட்டு ஒரு மின்விசிறி வைக்கலாமா?
(ஒரு விடுதி உரிமையாளர், உதகமண்டலம்)

பதில்: வேண்டாம். அந்த உறை சத்தத்தை அடக்குவதற்காக மட்டும் போட்டதல்ல. கூட்டிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு வாட்டும் உங்கள் விருந்தினரின் குளியல் நீருக்குப் போக வேண்டியது. ஏ.சி.யில் கூட்டின் வெப்பம் வெளியே போனால் லாபம். ஹீட் பம்பில் அது நட்டம். உங்கள் ஊரின் மார்கழி இரவில் வெளிக்காற்று உறைநிலையை ஒட்டி இறங்கும்போது, உறையில்லாத கூடு காற்றுக்கு வாரி வழங்கும் வெப்பமும் கூடும். பம்ப் ஈட்டும் வெப்பமோ அப்போதுதான் குறைவாக இருக்கும். நீரை 55 டிகிரிக்குச் சூடாக்கும் இயந்திரத்தின் கூடு அதைவிடச் சூடாக இருந்துதான் ஆக வேண்டும் என்பதால், கை பொறுக்காத சூடு என்பது நோய்க்கு அறிகுறி ஆகாது.

இளமையில் நானே ஒரு கோடையில், மொட்டை மாடியில் இருந்த கம்ப்ரசர் மேல் ஈரச் சாக்கைப் போட்டு, நீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். இரண்டே மாதத்தில் மின்முனைகளின் மூடிக்குள் துரு ஏறிப் பொறி பறந்ததுதான் மிச்சம். இயந்திரம் அடிக்கடி தானாக நின்று நின்று ஓடினால், உறையைத் தொடாமல், ஆவியாக்கியில் பனி படிந்திருக்கிறதா என்பதையும் கேஸின் அளவையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சைக்கிள் பம்பை அழுத்தினால் அடிப்பகுதி சூடேறுகிறது. அழுத்தும்போதே குளிர்வித்தால் வேலை மிச்சமாகும் என்று வகுப்பில் கற்பித்திருக்கிறேன். ஹீட் பம்பில் ஏன் அப்படிச் செய்வதில்லை?
(ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், நாகர்கோவில்)

பதில்: ஐயா, காற்றுக்கு நீங்கள் கற்பித்தது முற்றிலும் உண்மை. 30 டிகிரி காற்றை வெப்பம் வெளியேறவிடாமல் மூன்று மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால் அது 140 டிகிரியை எட்டும். வெப்பநிலை மாறாமல் அழுத்த முடிந்தால் ஏறத்தாழ 15 சதவீத வேலை மிச்சம். ஸ்க்ரூ கம்ப்ரசர்களில் திருகுகளுக்கு இடையே ஆயிலைப் பீய்ச்சுவது பெருமளவு இதற்காகவே.

ஹீட் பம்பில் இரண்டு தடைகள் குறுக்கே நிற்கின்றன. ஒன்று நேரம். நொடிக்கு 50 சுற்று என்றால் ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 20 மில்லி நொடி. அதற்குள் வாயுவின் வெப்பம் சிலிண்டர் சுவரைக் கடந்து வெளியேறிவிடாது. இரண்டாவது தடை சுவையானது. ஆர்-32 வாயுவை 10 டிகிரியிலேயே நிறுத்தி அழுத்திக்கொண்டே போனால், 11 பார் அழுத்தத்தில் அது திரவமாகத் தொடங்கிவிடும். அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் உங்களுக்குக் கிடைப்பது வாயு அல்ல. நமக்கோ 60 டிகிரியில் திரவமாக வேண்டும். அதற்கு 39 பார் தேவை. வாயு வாயுவாகவே அந்த அழுத்தத்தை எட்டுவதற்கு அது சூடாகியே தீர வேண்டும். ஆகவே, தேவைக்கு மேல் ஏறும் சூட்டை மட்டும் தட்டிக் குறைப்பதே பொறியாளரால் ஆகக்கூடியது. திரவத்தின் ஒரு பகுதியைப் பிரித்துச் சிறிய வெப்பமாற்றியில் ஆவியாக்கி, அந்தக் குளிர்ந்த ஆவியை அழுத்தத்தின் நடுவில் செலுத்தும் முறை குளிர்நாட்டு ஹீட் பம்புகளில் பரவலாக உண்டு. டிஸ்சார்ஜ் சூடு இறங்குவதோடு, கண்டன்சருக்குப் போகும் வாயுவின் அளவும் கூடுகிறது என்பதால் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது.

கேள்வி: எங்கள் ஐஸ் ஃபேக்டரியில் மோட்டார் வெளியே இருக்கிறது, பெல்ட் போட்டு ஓட்டுகிறோம். கம்ப்ரசர் தலைக்குத் தனியாக நீர் விடுகிறோம். நாங்களும் மூடிய வகைக்கு மாற முடியாதா?
(ஒரு வாசகர், தூத்துக்குடி)

பதில்: நீங்கள் பயன்படுத்துவது அம்மோனியா. சிறிது ஈரம் இருந்தாலும் அது செம்பை அரித்துவிடும். மோட்டார் வைண்டிங் செம்பு. தன் மோட்டாரைத் தானே தின்னும் வாயுவைக் குளிர்விக்க நம்ப முடியாது. மேலும், அழுத்தும்போது அம்மோனியா பெரும்பாலான குளிர்பதன வாயுக்களைவிட அதிகம் சூடேறும் என்பதால்தான் தலைக்கு நீர் விடுகிறீர்கள். இருப்பதையே தொடருங்கள்.

கேள்வி: கம்ப்ரசரை எவ்வளவு சிறிதாக்க முடியும்? அதற்கு எந்தக் கேஸ் ஏற்றது?
(பாலிடெக்னிக் மாணவர், சேலம்)

பதில்: அளவை நிர்ணயிப்பவை வேகமும் வாயுவின் அடர்த்தியும். முதல் கடிதத்தில் பார்த்த 17 கிராம் ஓட்டத்துக்கு, 0 டிகிரியில் ஆவியாகி வரும் ஆர்-32 வாயுவை நொடிக்கு ஏறத்தாழ 800 கன சென்டிமீட்டர் அள்ள வேண்டும். நொடிக்கு 50 சுற்றில் ஓடினால் 16 கன சென்டிமீட்டர் சிலிண்டர் தேவை. 100 சுற்றில் ஓடினால் 8 போதும். அதே வெப்பத்துக்குப் புரோப்பேன் என்ற ஆர்-290 வாயுவைத் தேர்ந்தால், அதன் ஆவி அடர்த்தி பாதிக்கும் குறைவு என்பதால், சிலிண்டர் ஒன்றரை மடங்குக்கு மேல் பெரிதாக வேண்டும். ஆனால் புரோப்பேன் அழுத்தத்தில் மிகக் குறைவாகவே சூடேறும். தானே குளிரும் கம்ப்ரசருக்கு அது வரப்பிரசாதம். புவி வெப்பமாக்கலில் ஆர்-32 கரியமில வாயுவைப்போல் 675 மடங்கு வலியது என்பதும், புரோப்பேனின் பங்கு பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு என்பதும் இன்னொரு காரணம். தீப்பிடிக்கும் வாயு என்பதால் அளவைக் குறைத்து, திறந்த வெளியில் வைக்க வேண்டும். கச்சிதம் வேண்டுமென்றால் ஆர்-32, குளிர்ந்த மோட்டார் வேண்டுமென்றால் புரோப்பேன். இரண்டையும் ஒரே வாயுவில் கேட்டால் கிடைக்காது.

வேகத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்களும் உண்டு. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில், வீட்டு ஹீட் பம்புக்கென்று 20 மில்லிமீட்டர் விட்டமே உள்ள சுழல்தகட்டை நிமிடத்துக்கு 2,10,000 சுற்றுகள் வரை ஓட்டிக் காட்டினார்கள். ஆயில் கிடையாது, தண்டு குளிர்பதன வாயுவின் மெல்லிய படலத்தின் மேலேயே மிதந்து சுழன்றது.

உங்கள் பட்டறையில் அதைச் செய்ய முடியாது; ரோட்டரியைச் செய்து பார்க்கலாம். ஆனால் ஓர் எண்ணை வரைபலகையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள வார்ப்பிரும்பு சிலிண்டர் 50 டிகிரி சூடேறினால் 20 மைக்ரானுக்கு மேல் விரியும். உள்ளே உருளும் பிஸ்டனுக்கும் சுவருக்கும் நீங்கள் விடப்போகும் இடைவெளியும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாக இருந்தால் சிலிண்டர் வட்டம் தப்பிவிடும். பிஸ்டன் ஒரு பக்கம் இறுகி, மறுபக்கம் கசியும். ஆகவே திரவம் செலுத்தும் துளையை எங்கே வைப்பது என்பதை வரைவதற்கு முன், சூடு எந்தப் பக்கம் தேங்குகிறது என்பதை நான்கு இடங்களில் தெர்மோகப்பிள் என்ற வெப்பநிலை உணரியை ஒட்டி அளந்துகொள்ளுங்கள்.